ஒன்பதாவது கட்டம்

ஆறு. ஒன்று. எட்டு. மூன்று.
வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்.

லாஸ்பேட்டையில் இரண்டாம் மாடி அறை.
ஏசி ஓடும் நாளில் ஜெனரேட்டர் இரைச்சல்,
ஓடாத நாளில் கதவிடுக்கில் பள்ளிக்கூட மணி.
நொடிக்கு ஒன்றாக எண்களை உதிர்ப்பது என் வேலை.
குரலில் ஏற்ற இறக்கம் கூடாது.
இரக்கமும் கூடாது.
கேட்டவர் கடைசியிலிருந்து முதலுக்குத்
திருப்பித் தர வேண்டும்.
அதன்பின் திரையில் ஒன்பது கட்டம்.
எட்டில் கோடும் வட்டமும் ஏதோ ஒழுங்கில் நகரும்.
ஒன்பதாவது காலி.
அங்கே வர வேண்டியது எது?

எண்ணைப் பிடித்துவைக்கிறவர்
கட்டத்தையும் நிரப்பிவிடுகிறார், பெரும்பாலும்.
நூற்று நாற்பது பேரைப் புள்ளிகளாய் இறைத்துப் பார்த்தோம்.
சுவரேறும் எறும்புகள் போல
உத்தேசமாய் ஒரு சாய்வு.
பேராசிரியர் சொல்வார்:
யோசிக்கிறவனுக்கு முதலில் வேண்டியது மேசை.
மேசை சின்னதென்றால்
ஒரு காகிதம் விரிக்க இன்னொன்று கீழே விழும்.

(இதற்குள் உங்கள் ஒன்றும் எட்டும்
இடம் மாறியிருக்கும். போகட்டும்.)

எண்பத்தேழாம் நபர் அமலோற்பவம்.
பஸ் ஸ்டாண்டு எதிரே டூவீலர் ஸ்டாண்டில்
டோக்கன் கிழிக்கிறாள்.
இடது உள்ளங்கை முழுக்க நீல மையில்
ஸ்கூட்டர் எண்கள், வராத பாக்கிகள்.
கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். விதி அது.
மூன்று எண் வரை திருப்பினாள்.
நான்கு வந்ததும் பேனா கேட்டாள்.
"எழுதக் கூடாதும்மா."
"எழுதாம எப்படிம்மா யோசிக்கிறது?"

ஆனால் கட்டங்களில், எல்லோரும் கைவிடும் அந்தக் கடைசி மூன்றுக்குள்
நுழைந்து, மேசையில் நகத்தால் கீறிக் கீறி
நேரம் முடியும் முன் வெளியே வந்துவிட்டாள்.
அவள் புள்ளி சாய்வுக்கு மேலே தனியாய் நிற்கிறது,
யாரோ பேனாவை உதறியது போல.

கீழே அதே தூரத்தில் இன்னொரு புள்ளி உண்டு.
அட்டவணையில் சேர்க்கவில்லை.
ஆள் வராத ஒரு மதியம் நானே உட்கார்ந்து பார்த்தது:
எட்டு எண், தலைகீழாக, தடுமாறாமல்.
கட்டங்களில் பாதிக்கு மேல் தவறு.

முந்நூறு ரூபாய்க்கு ரசீதில் கையெழுத்துப் போட்டாள்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
ஏன் சொன்னேனோ, சொன்னேன்.
தம்பி இளம்பரிதி
பாரிஸ் பக்கம் ஒரு ஓட்டல் அடுக்களையில் இருக்கிறான்.
ஞாயிற்றுக்கிழமை பேசியது மொத்தமே இவ்வளவுதான்:
வேற ரூம் மாறிட்டேன்.
சாப்பாடு இப்ப நானே செஞ்சுக்கறேன்.
பணம் அடுத்த மாசம்னு அம்மாகிட்ட சொல்லிடு.
நீ பகல்ல எப்ப வேணா கூப்பிடு.

ஐந்து நாளாய் முன்னிருந்து பின்,
பின்னிருந்து முன்.
ஒரு எழுத்து பிசகவில்லை எனக்கு.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றவள்
பேனாவை எடுத்தாள்.
கழுவிய கையில் நான்கு கட்டம் போட்டாள்.
ரூமுக்கு ஒரு கோடு. சோற்றுக்கு ஒரு சுழி.
"மூணாவது என்ன?"
சொன்னேன்.
"கடைசி?"
சொன்னேன்.
"ஓட்டல்னுதானே சொன்னீங்க?"
ஆமாம்.
கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்,
கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.
பிறகு பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு,
காலியாகவே விட்டு,
என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
வாயால் எதுவும் சொல்லவில்லை.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும்
விரல் மடக்கி மூன்றரை மணி கழித்தேன்.
அங்கே காலை பதினொன்று.
அடுப்பெல்லாம் எரிகிற நேரம்,
போனைத் தொட்டாலே திட்டுவார்கள் என்று
அவனே சொல்லியிருந்த நேரம்.

முதல் ரிங்கிலேயே எடுத்தான்.